சித்தியின் மூன்றில் ஒரு பங்கு

என் பீரோவில் ஒரு தினசரிக் காலண்டர் தாள் இருக்கிறது. 2013 ஜூலை மாதத்தது. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். பின்பக்கம் பென்சிலில் ஒரே ஒரு கணக்கு: 1/4 + 1/12 = 1/3. அதன் அடியில் அழுத்தி இரண்டு கோடு. எங்கள் பெரிய மாமா பாங்க்கில் 31 வருஷம் வேலை பார்த்தவர். டேலி ஆகிவிட்டால் இரண்டு கோடு போடுவது அவர் பழக்கம். சித்தியின் காரியம் முடிந்த மறுநாள், சாப்பிட்ட இலைகூட எடுக்காத கூடத்தில் உட்கார்ந்து அதை எழுதினார்.

அந்தக் கணக்கில் தப்பில்லை. சரியாக இருந்ததுதான் பிரச்சினை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவல்லிக்கேணியில் தாத்தாவுக்கு ஒரு வீடு. பார்த்தசாரதி கோயில் மணி கேட்கிற தூரம். பாட்டி முன்னாலேயே போய்விட்டாள். தாத்தா 2008-ல் இறந்தார். பிள்ளைகள் நான்கு பேர்: பெரிய மாமா, என் அம்மா, சின்ன மாமா, சித்தி. தாத்தா 1999-லேயே வெள்ளைத்தாளில் தன் கையால் உயில் எழுதி வைத்திருந்தார். ரெஜிஸ்டர் செய்யவில்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டை மூன்று சம பங்காக பெரிய மாமா, அம்மா, சித்தி மூவருக்கும் எழுதியிருந்தார். சின்ன மாமாவுக்கு 1994-ல் அச்சகம் வைக்க நான்கு லட்சம் கொடுத்தாகிவிட்டது, அதுவே அவன் பங்கு என்று ஒரு வரி.

அச்சகம் இரண்டே வருஷத்தில் மூடிப்போனது. சின்ன மாமாவுக்கு அது ஆறாத காயம். தோற்றுப்போன தொழிலையே தன் பங்காக அப்பா கணக்கு வைத்துவிட்டார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அவர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1994-ல் நான்கு லட்சம் பெரிய பணம்தான், ஆனால் வீட்டின் மதிப்பு அதற்குப் பிறகு போன உயரம் வேறு. அதே சமயம், யாருக்கு எதைக் கொடுப்பது என்பது தாத்தா இஷ்டம். அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு அது.

சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயில், சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் வீடு. அதனால் உயில் உண்மை என்று உறுதி வாங்க அப்போது உயர் நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. இதே உயிலை மதுரையில் எழுதி மதுரை வீட்டைக் கொடுத்திருந்தால் அந்தக் கட்டாயம் இருந்திருக்காது. வெள்ளைக்காரன் காலத்தில் கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று போட்ட கோடு அது. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவில் உட்கார்ந்திருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. எங்களுக்குப் பதினாறு வருஷம் தாமதமாக வந்த நல்லது. ஆனால் கட்டாயம் போனதால் சண்டையும் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். உயிலே பொய் என்று ஒருவர் சொன்னால், ஏதோ ஒரு கோர்ட்டில் அதை நிரூபித்துத்தான் ஆக வேண்டும்.

தாத்தா உயிலில் அதை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டர் இன்னார் என்று எழுதவில்லை. எக்ஸிக்யூட்டர் இருந்தால்தான் புரோபேட், அதாவது உயிலுக்குக் கோர்ட் தரும் அத்தாட்சி. இல்லையென்றால் உயிலை இணைத்து லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் கேட்க வேண்டும். வீட்டில் எல்லோரும் கடைசிவரை அதை ‘புரோபேட் கேஸ்’ என்றுதான் சொன்னோம், நானும் அப்படியே சொல்கிறேன். பெரிய மாமா, அம்மா, சித்தி மூவரும் சேர்ந்து 2009-ல் மனுப் போட்டார்கள். சின்ன மாமா கேவியட் போட்டார். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் மனுவாகவே முடிந்திருக்கும். ஆட்சேபம் வந்ததும் அது முழு வழக்காக மாறிவிட்டது. வாதி மூன்று பேர், பிரதிவாதி ஒருவர். அப்பாவின் கையெழுத்து நடுங்கியிருக்கிறது, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தார் என்பது சின்ன மாமாவின் வாதம்.

உயில் சாட்சிகளில் ஒருவர் 2011-ல் காலமானார். இன்னொருவர் தாத்தாவின் சிநேகிதர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 84. ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். யாருக்காகப் பயப்பட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. நான்கு பேரில் இளையவள், 52 வயது சித்திதான் போனாள். கருப்பை வாய்ப் புற்றுநோய். கண்டுபிடித்த ஏழாவது மாதம்.

சித்திக்குக் குழந்தை இல்லை. சித்தப்பா மட்டும்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லியாக வேண்டும். நாங்கள் எல்லோரும் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த விஷயம் இது. கேஸ் நடக்கும்போது சித்தி போய்விட்டாளே, அவள் பங்கு கைக்கு வரவே இல்லையே, அப்புறம் அவளுக்கு ஏது பங்கு என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களே பேசினார்கள். அப்படி இல்லை. உயில் எழுதியவர் கண்ணை மூடிய அன்றே பங்கு உரிமையாகிவிடுகிறது. கோர்ட் பிற்பாடு கொடுப்பது அதற்கான அத்தாட்சியைத்தான். பங்கைக் கையில் வாங்காமலே பங்குதாரர் இறந்துவிட்டால், அவருடைய வாரிசுகளுக்கு அது போகும். அதே 1925-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 104-ஆம் பிரிவில் இது தெளிவாகவே இருக்கிறது. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே பங்குதாரர் போய்விட்டால்தான் அந்தக் கொடை பொதுவாக விழுந்துபோகும். அதிலும் இறந்தவர் உயில் எழுதியவருக்குப் பிள்ளையாகவோ பேரனாகவோ இருந்து, தனக்குப் பின் சந்ததியை விட்டுப் போயிருந்தால் விழாது. சித்தி தாத்தாவுக்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தாள். அவள் பங்கு அவளுடையதுதான்.

அப்படியானால் சித்தியின் வாரிசு யார்? கட்டிய புருஷன்தானே என்று உடனே சொல்வீர்கள். பெரிய மாமாவும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தார். காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் காலண்டர் தாளைக் கிழித்தார்.

வக்கீல் சொன்னது இது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 15-ஆம் பிரிவு பெண்ணின் சொத்தைப் பற்றியது. உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளை இல்லாத பெண்ணுக்கு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வாரிசுரிமையாக வந்த சொத்து கணவனுக்குப் போகாது, அவளுடைய அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். அதாவது சித்தியின் விஷயத்தில் அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும். இதில் ‘வாரிசுரிமையாக வந்த’ என்ற வார்த்தைதான் எல்லாமே. உயில் மூலம் வந்தது அந்தக் கணக்கில் சேராது, அது கொடுத்து வந்தது என்பதுதான் தீர்ப்புகள் போகும் வழி.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். உயில் நின்றால் பெரிய மாமாவுக்கு மூன்றில் ஒன்று, அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, சித்தியின் மூன்றில் ஒன்று சித்தப்பாவுக்கு. உயில் விழுந்தால் தாத்தா உயில் இல்லாமல் இறந்ததாக ஆகிவிடும். நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நான்கில் ஒன்று. சித்தியின் நான்கில் ஒன்று இப்போது வாரிசுரிமையாக வந்ததாகிவிடுவதால் சித்தப்பாவுக்குக் கிடையாது. மற்ற மூவருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்றாகப் பிரியும். நான்கில் ஒன்றோடு பன்னிரண்டில் ஒன்றைக் கூட்டினால் மூன்றில் ஒன்று.

பெரிய மாமாவுக்கு உயில் ஜெயித்தாலும் மூன்றில் ஒன்று, தோற்றாலும் மூன்றில் ஒன்று. அம்மாவுக்கும் அதே. ஒரு சதுர அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறுவது ஒரே ஒரு பங்குதான். சித்தப்பாவிடமிருந்து எடுத்து சின்ன மாமாவிடம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

“தம்பியோட நாலு வருஷமா பேச்சில்லை,” என்றார் பெரிய மாமா. “இதுக்கு மேல எதுக்கு இழுக்கணும்? கேஸை விட்டுடலாம். நமக்கு ஒண்ணும் போகப் போறதில்லை.”

அவர் கெட்டவர் இல்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். அறுபத்தைந்து வயதில், கடைசித் தங்கையை எரித்துவிட்டு வந்த ஒரு மனிதன் தம்பி முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். அதற்கு ஒரு வழி கிடைத்தது. அந்த வழிக்கு ஆகும் செலவு முழுவதையும் ரத்த உறவில்லாத ஒருவர் தலையில் வைக்க முடிந்தது. அந்த ஒருவர் அப்போது பின்கட்டில், கிணற்றடியில், மொட்டை அடித்த தலையோடு உட்கார்ந்திருந்தார். ஏழு மாதம் சித்தியைத் தூக்கி, குளிப்பாட்டி, வாந்தி வழித்தவர். கூடத்தில் நடந்த பேச்சுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

அம்மா எதுவும் பேசவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவினதையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். பஞ்சாபில் ஃபரீத்கோட் சமஸ்தானத்தின் கடைசி ராஜா ஹரிந்தர் சிங் பிரார் 1989 அக்டோபரில் இறந்தவர். 1982-ல் எழுதியதாகச் சொல்லப்பட்ட உயில், சொத்து முழுவதையும் மேஹர்வால் கேவாஜி டிரஸ்டுக்குக் கொடுத்திருந்தது. அந்த உயில் போலி என்று சண்டிகர் நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. மதிப்பு இருபதாயிரம் கோடி ரூபாய் என்றார்கள். அரண்மனைக்கும் எங்கள் கிணற்றடிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தோன்றியது. பிறகு வருஷக்கணக்கில் அந்த வழக்கைப் பின்தொடர்ந்தேன். ஏனென்றால் அங்கேயும் பின்னம்தான் கதை.

ராஜாவின் ஒரே மகன் 1981-லேயே விபத்தில் போய்விட்டார். ராஜா இறந்தபோது மூன்று மகள்களும், ராஜாவின் தாய் மொஹிந்தர் கௌரும் இருந்தார்கள். உயில் இல்லை என்றால் நான்கு பேருக்கும் ஆளுக்கு நான்கில் ஒன்று. மகன் இறந்தால் பெற்ற தாய் முதல் வகுப்பு வாரிசு என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. மருமகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தால்கூட அவர்களோடு தாய்க்கும் சம பங்கு. அந்தத் தாய் 1991-ல் இறந்தார். வழக்கு அப்போதுதான் தொடங்கும் நிலையில் இருந்தது. மகள்களில் ஒருவரான மஹீபிந்தர் கௌர், கல்யாணம் ஆகாதவர், 2001-ல் இறந்தார். அவர் கால் பங்கு இரண்டு சகோதரிகளுக்கும் பிரிந்தது. இன்னொரு மகள் தீபிந்தர் கௌர் 2018-ல் இறந்தார். 2020-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் கொடுத்த கணக்கு இப்படி: மகள்கள் அம்ரித் கௌர், தீபிந்தர் கௌர் இருவருக்கும் ஆளுக்கு 37.5 சதவீதம், மீதி 25 சதவீதம் ராஜாவின் தம்பி வழிக்கு. அண்ணன் சொத்தில் தம்பிக்கு எப்படி? கிழவி வழியாக. மொஹிந்தர் கௌர் தன் பங்கை அந்தத் தம்பி வழிக்கே உயில் எழுதிவிட்டுப் போயிருந்தார். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. 33 வருஷம்.

மகனுக்குப் பின் அதிக நாள் வாழாத ஒரு தாய், கையில் எதுவும் வாங்காமல் போனவர், எழுதி வைத்த ஒரு காகிதத்தால் கால் பங்கை நகர்த்திவிட்டார். பங்கு கைக்கு வரவேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வருகிற பங்கை எழுதினார். சித்தியும் அப்படி எழுதியிருக்கலாம்.

அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுதி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் சித்தியோடு கடைசி மூன்று வாரம் பகலில் நான்தான் இருந்தேன். உடம்புதான் இல்லை, நினைவு தெளிவாக இருந்தது. ஒரு நாள் “ஒரு நோட்டு எடுடி” என்றாள். கீழே கடையில் 40 பக்க ரூல்டு நோட்டு வாங்கி வந்தேன். சொல்லச் சொல்ல எழுதினேன். பால்காரருக்கு 340 ரூபாய் பாக்கி. சீட்டில் பதினாலாவது தவணை வரை கட்டியாச்சு. சித்தப்பாவுக்குக் காலையில் பிபி மாத்திரை பாதி, ராத்திரி முழுசு. காஸ் புத்தகம் அரிசி டின்னுக்குப் பின்னால். பக்கத்து வீட்டம்மாவிடம் இரண்டு எவர்சில்வர் அடுக்கு இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டாம். இரண்டு பக்கம் வந்தது. கட்டிலைச் சுற்றி அன்றைக்குப் பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

“திருவல்லிக்கேணி வீட்டில் எனக்கு வரும் பங்கு என் வீட்டுக்காரருக்கு” என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். கீழே சித்தியின் கையெழுத்து. அவள் போடுவதைப் பார்த்து அந்த மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்து. அதுவே போதுமானதாக இருந்திருக்கும். உயில் ஜெயித்தாலும் தோற்றாலும், மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ, அது சித்தப்பாவுக்குத்தான் போயிருக்கும். பெரிய மாமாவின் காலண்டர் தாளுக்கு வேலையே இருந்திருக்காது. எனக்கு அந்த நினைப்பு வந்தது. கேஸ் நடக்கிறதே, ஏதாவது எழுதி வைக்க வேண்டுமோ என்று தொண்டை வரை வந்தது. படுக்கையில் இருப்பவளிடம் உயிலைப் பற்றிப் பேசினால் பிழைக்க மாட்டாய் என்று சொன்னதுபோல ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டேன். அரிசி டின்னுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, தான் பிழைக்க மாட்டோம் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

பெண்கள் உயில் எழுத வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அப்பாவிடமிருந்து வந்த சொத்தானாலும் மனைவிக்குப் பங்கு உண்டு. பெண் இறந்தால் மட்டும் இது எங்கிருந்து வந்தது, அது எங்கே திரும்ப வேண்டும் என்று சட்டம் தோண்டிப் பார்க்கிறது. தானே சம்பாதித்ததும் தப்புவதில்லை. கல்யாணமான மூன்றே மாதத்தில் விதவையாகி, புகுந்த வீட்டார் துரத்திவிட, பிறந்த வீட்டில் படித்து வேலைக்குப் போய்ச் சம்பாதித்த நாராயணி தேவியின் வழக்கு இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் 1996-ல் இறந்தார். அவர் சேமிப்பு பெற்ற தாய்க்குப் போகாது, இறந்த கணவனின் சகோதரி பிள்ளைகளுக்கே போகும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அனுதாபத்தால் மாற்ற முடியாது என்ற நிலை. எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

சரி, கூடத்துக்கு வருகிறேன்.

வழக்கில் ஒரு கட்சிக்காரர் இறந்தால், அவருடைய சட்டப்படியான வாரிசை வழக்கில் சேர்க்க 90 நாள் அவகாசம். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை நீக்கக் கேட்க இன்னும் 60 நாள். அதற்கும் பிறகு தாமதத்தை மன்னிக்கச் சொல்லி, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும். சித்தி மூன்றாவது வாதி. சித்தப்பாவைச் சேர்க்காமலே விட்டால், பெரிய மாமாவும் அம்மாவும் மட்டும் வாதிகள். அவர்கள் இருவரும் சின்ன மாமாவோடு சேர்ந்து வழக்கை வாபஸ் வாங்கினால் கேட்க ஆளில்லை. சித்தப்பா பிறகு விழித்துக்கொண்டு தனியாக முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் தொடங்கியிருக்க மாட்டார். அவருக்குக் கோர்ட் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

இந்த 90 நாளில்தான் நிறைய குடும்பங்களில் அநியாயம் நடக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. சும்மா இருக்கிறார்கள், அவ்வளவுதான். இறந்தவரின் மனைவியோ கணவனோ துக்கத்தில் இருப்பார், வாய்தா தேதி தெரியாது, பேப்பர் எல்லாம் மூத்தவர் வீட்டில் இருக்கும். நாள் ஓடிவிடும்.

அம்மா ஓடவிடவில்லை. அந்தப் பேச்சு நடந்து பத்தாவது நாளோ என்னவோ, காலையில் என்னை எழுப்பி “சித்தப்பாவைக் கூட்டிண்டு தாலுகா ஆபீஸ் போகணும், வா” என்றாள். இறப்புச் சான்றிதழ் ஒரிஜினல், ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரு மஞ்சள் பையில். வாரிசுச் சான்றிதழுக்கு நான்கு முறை நடந்தோம். மூன்றாவது முறை படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு சித்தப்பா கேட்டார், “அக்கா, இது எதுக்கு? எனக்கு எதுவும் வேண்டாம்.” அம்மா சொன்னாள்: “உனக்கு வேணுமா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம். அவளோடதை அவ பேர்ல வாங்கிட்டு, வேண்டாம்னா அப்புறம் விடு.”

அன்று இரவு பெரிய மாமாவிடமும் போனில் சொன்னாள். சண்டை போடவில்லை. “அப்பா மூணு பேருக்கு எழுதினார்ண்ணா. நாம ரெண்டு பேரும் நம்மளோடதை வெச்சுண்டு அவளோடதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. தம்பிக்குக் கொடுக்கணும்னு தோணினா நம்ம பங்குலேர்ந்து கொடுப்போம்.” மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமில்லை. பெரிய மாமா கடைசியில் “வக்கீல்கிட்ட சொல்லிடறேன்” என்றார். 71-ஆவது நாள் சித்தப்பா நான்காவது வாதியாகச் சேர்க்கப்பட்டார்.

வக்கீல் அப்போது ஒரு பெரிய வழக்கைச் சொல்லி எங்களுக்குத் தைரியம் சொன்னார். கல்கத்தாவில் எம்.பி. பிர்லா குழுமத்தின் பிரியம்வதா பிர்லா 2004 ஜூலையில் இறந்தபோது, 1999-ல் எழுதிய உயிலில் சொத்தை ஆர்.எஸ். லோதா என்ற சார்ட்டர்டு அக்கவுன்டன்டுக்குக் கொடுத்திருந்தார். பிர்லா குடும்பமே எதிர்த்து நின்றது. 2008 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், யார் கேவியட் போடலாம் யார் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் ஆகஸ்டில் எதிர்த்தரப்பின் கே.கே. பிர்லா இறந்தார். அக்டோபரில் லோதாவே இறந்தார். உயிலை நிரூபிக்க வேண்டியவரும் அவர், வாங்க வேண்டியவரும் அவர். வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. அவருடைய பிள்ளைகள் அந்த இடத்தில் வந்து நின்று, புரோபேட்டுக்குப் பதிலாக லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் கேட்டார்கள். மீதிச் சொத்து முழுவதும் யாருக்கு எழுதப்பட்டதோ அவர் இடையில் இறந்தால், அவருடைய பிரதிநிதிக்கும் அதே உரிமை உண்டு என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு பக்கத்திலும் ஆட்கள் மாறினார்கள், வழக்கு நிற்கவில்லை.

எங்கள் வழக்கு 2018-ல் முடிந்தது. தலைமையாசிரியர் தாத்தாவால் கோர்ட்டுக்கு வர முடியவில்லை. அட்வகேட் கமிஷனர் அவர் வீட்டுக்கே வந்து சாட்சியம் பதிவு செய்தார். கையெழுத்து ஏன் நடுங்கியிருக்கிறது என்று கேட்டதற்கு அவர், “எழுபத்தெட்டு வயசுக்காரன் கையெழுத்து நடுங்காம இருந்தாத்தான் சந்தேகப்படணும்” என்றாராம். உயில் உண்மை என்று தீர்ப்பு வந்தது. சின்ன மாமா அப்பீல் போகவில்லை. பெரிய மாமா தன் பணத்திலிருந்து அவருக்கு ஒரு தொகை கொடுத்தார், அம்மாவும் கொடுத்தாள். எவ்வளவு என்று எனக்குச் சொன்னதில்லை. இரண்டு மாமாக்களும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், பழையபடி இல்லை.

சின்ன மாமா முன்பே ஒன்று சொல்லியிருந்தார். “அப்பா கட்டின வீடு நாளைக்கு யாரோ ஒருத்தருக்குப் போகப் போறது, பார்த்துண்டே இருங்கோ.” அவர் சொன்னது நடந்தது. 2019-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வரச்சொன்னார். மேஜைமேல் அந்த 40 பக்க ரூல்டு நோட்டு. பால்காரர், சீட்டு, மாத்திரை எல்லாம் இருந்த இரண்டு பக்கத்துக்குப் பிறகு மூன்றாம் பக்கத்தில் தன் கையால் எழுதி வைத்திருந்தார். தன் மூன்றில் ஒரு பங்கு தன் அக்கா மகளுக்கு. அவள்தான் அவருக்குச் சமைத்துப் போடுகிறாள். எங்கள் தாத்தாவை அவள் பார்த்ததுகூடக் கிடையாது. சித்தியின் பங்கு சித்தப்பாவுடையதென்றால், அதை யாருக்குக் கொடுப்பது என்பதும் அவருடையதுதான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தார். எங்கள் இருவர் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன், அவர் போட்டார், அவரவர் விலாசம் எழுதினோம். சித்தப்பா நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கேட்டார்:

“இன்னிக்குத் தேதி என்னம்மா?”